முருகேசனின் கை

என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கோடு போட்ட தாளில், பேனாவால், அதுவும் தமிழில் எழுதியிருக்கிறேன் என்று பார்த்ததுமே உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை நீ. மலையாளத்தை ஓட்டமாகப் படிப்பாய், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். வேறு மொழியில் எழுதினால் பஸ்ஸுக்கு நிற்கும்போது மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இது அப்படிப் படிக்கிற விஷயம் இல்லை. தபாலில் போட்டால் நாளாகும் என்பதால், எழுதி முடித்ததும் உன் அத்தா ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து போனில் அனுப்புவார். படம் ஆடியிருந்தால் அவரைத் திட்டிக்கொள், என்னைத் திட்டாதே. ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் படித்து முடித்துவிடு. அதன் பிறகு இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, எனக்கு ஒரு தடையும் இல்லை. என்னை மாதிரி வேலை செய்கிற நாலு பேர் படித்தால்கூட நல்லதுதான்.

போன சனிக்கிழமை நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் ஆய்வகத்தில் இருக்கும் மாணவி லீனாவைத் திங்கட்கிழமை கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போவதாகச் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "ஒரே சோதனைதான், நான் செஞ்சா வருது, அவ செஞ்சா வரல. ஆறு மாசமாச்சு. அவ கை சரியில்லம்மா" என்றாய். நான் "ம்" என்றேன். பிறகு, சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று பேச்சை மாற்றிவிட்டேன். நான் ஒப்புக்கொண்டேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை, மகனே. அந்த வார்த்தை என்னுடையது. அதே ஏற்ற இறக்கத்தோடு, அதே அலட்சியத்தோடு, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொல்லி நீ கேட்ட வார்த்தை. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. நினைவிருக்காது. ஆனால் மனதில் தங்கியிருக்கிறது, பார்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. விருதிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு விருது அறிவித்ததும் நீதான் அதிகம் குதித்தாய். உனக்குத் தெரியும், நம் சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்றுவரை நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளங்கியதில்லை. உயிரியற்பியல் என்றால் "அது என்ன இயல்?" என்பார்கள். கண்ணைப் பற்றி ஆராய்கிறேன் என்றால் கண் டாக்டர் என்று முடிவுகட்டி, சொட்டு மருந்து எழுதித் தரச் சொல்வார்கள். சுள்ளிக்கல்லில் இருக்கும் மாட்டிறைச்சிக் கடைக்காரருக்கு மட்டும் என் ஆராய்ச்சி ஓரளவு தெரியும். முப்பது வருடமாக அவரிடம்தான் மாட்டுக் கண் வாங்கினேன். "டீச்சருக்கு ஆறு கண்ணு எடுத்து வைடா" என்று அவர் உள்ளே பார்த்துக் கத்துவார். ஸ்கூட்டரில் என் முன்னால் நின்றுகொண்டு நீதான் அந்தப் பையைப் பிடித்திருப்பாய். பள்ளிக்கூடத்தில் போய் "எங்க அம்மா கண்ணு வாங்குவா" என்று பெருமையடித்து, உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்ததெல்லாம் உண்டு.

நான் பார்த்தது கண்ணுக்குள் இருக்கும் வில்லையை. அதன் நடுவில் நிறைந்திருக்கும் புரதம் நாம் பிறப்பதற்கு முன்பே உண்டானது. பிறகு அதை யாரும் மாற்றித் தருவதில்லை, கடைசிவரை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஐம்பது அறுபது வருடம் தெளிவாக இருந்துவிட்டு, பிறகு அது கட்டி கட்டியாகச் சேர்ந்து கலங்குகிறது. அதைத்தான் புரை என்கிறோம். எது அதைச் சேர வைக்கிறது என்பதுதான் என் கேள்வி. புரதத்தைக் கரைத்து ஒரு சின்னக் குழாயில் ஊற்றி, அதனோடு கால்சியம் சேர்த்து, குழாய் வழியே ஒளியைப் பாய்ச்சி, எத்தனை நேரத்தில் கலங்குகிறது என்று அளந்தேன். கால்சியம் ஒரு அளவைத் தாண்டினால் சில நிமிடங்களில் சட்டென்று எல்லாம் ஒன்றுசேர்ந்துவிடுகிறது என்று கண்டேன். அந்தக் கட்டுரைதான் என்னை ஊர் ஊராகக் கூட்டிப்போனது. இப்போது விருது கொடுப்பதும் அதற்காகத்தான்.

விருது அறிவித்த வாரம் தொலைக்காட்சிக்காரர்கள் ஆய்வகத்துக்கு வந்து படம் எடுத்தார்கள். "டீச்சர், வெறுதே நிக்காம எதாவது செஞ்சு காட்டுங்க" என்றார்கள். நானும் பட்டுப் புடவையும் வெள்ளை அங்கியுமாக நின்று, கரைசலை ஊற்றி, கலங்க வைத்துக் காட்டினேன். அது ஒளிபரப்பான வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு உன் அத்தாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் அத்தா திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு.

"என்ன, புடவை சரியில்லையா?" என்றேன்.

"அதில்ல. இங்க பாரு, மாமாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கே. குழாய ரெண்டு தட்டு தட்டுறே பாரு. மொளகு அளக்கிற மாதிரி."

"நான் எங்க தட்டினேன்?"

"தட்டலையா? திருப்பிப் போடட்டா?"

திருப்பிப் போட்டார். குழாயில் கரைசலை ஊற்றுகிறேன். வலது கையால் அதைத் தூக்கி, மேசை மேல் டக் டக் என்று இரண்டு முறை தட்டுகிறேன். பிறகு கருவிக்குள் வைக்கிறேன். செய்வது என் கைதான். ஆனால் அப்படிச் செய்கிறேன் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. உன் அத்தா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு முறை திருப்பிப் போடச் சொன்னேன்.

உனக்கு விளங்க வேண்டுமானால், அவர் மாமா என்று சொன்ன உன் நன்னாவின் வேலையைச் சொல்ல வேண்டும். என் அத்தா பஜாரில் ஒரு மிளகு குடோனில் தரம் பார்க்கிறவர். உன் அத்தா அதே குடோனில் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ள வந்தவர். எங்கள் கல்யாணம் பேசி முடிந்ததே மிளகு மூட்டைகளுக்கு நடுவில்தான். மிளகின் தரத்தை லிட்டர் எடை வைத்துப் பார்ப்பார்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தில் மிளகைக் கொட்டி, மேலே குச்சியால் வழித்துவிட்டு, எடை பார்ப்பது. உள்ளே பருப்பு நிறைந்த மிளகு கனக்கும், சொத்தை மிளகு கனக்காது. எல்லா இடத்திலும் கொட்டி வழிப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் குடோனில் மட்டும் கொட்டியதும் பாத்திரத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு வழிப்பார்கள். தட்டினால் மிளகு நெருங்கி உட்காரும், எடை சற்றுக் கூடும். அது திருட்டு இல்லை. வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வழக்கம் தெரியும், அதற்குத் தகுந்தாற்போல் விலை பேசுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு அத்தாவின் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப்போக வரும் நான், காத்திருக்கும் நேரத்தில் மிளகை அளந்து விளையாடுவேன். தட்டாமல் வழித்தால் அத்தா "தட்டுடி" என்பார். அங்கே பழகிய கைதான் இது.

உனக்கு இப்போதே புரிந்திருக்கும், நீயும் இதே தொழில்தானே. புரதக் கரைசல் மிளகு இல்லை. தட்டினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் உண்டாகி உடைகின்றன. அந்த அதிர்ச்சியிலேயே புரதம் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிடும். மறுநாள் காலையில் கடைக்காரரிடம் புதிதாக இரண்டு கண் வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். ஒரே கரைசலை இரண்டு குழாயில் ஊற்றினேன். ஒன்றைத் தட்டினேன். மற்றதைத் தட்டாமல், கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளாத குறையாக, மெல்ல வைத்தேன். தட்டியது நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் கலங்கத் தொடங்கியது. தட்டாதது மத்தியானம்வரை தெளிந்த தண்ணீராக இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன், அப்படியேதான் வந்தது. கலங்கியது கால்சியத்தால் அல்ல. கால்சியம் கொஞ்சம் துணை நின்றது, அவ்வளவுதான். அத்தனை வருடம் நான் உலகத்துக்குச் சொன்னது தவறு.

தவறு எல்லோருக்கும் வரும், அதை எழுதித் திருத்திக்கொள்ளலாம். அதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தெளிந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு முருகேசன் ஞாபகத்துக்கு வந்தான்.

முருகேசனை நீ ஒருமுறை பார்த்திருக்கிறாய். அவன் அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எறணாகுளத்தில் கட்டட வேலை செய்த கொத்தனார். அவன் முதுகலையில் நல்ல மதிப்பெண் வாங்கி என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான். அவன் சேர்ந்த நேரம் உனக்கு மஞ்சள் காமாலை. இரண்டு மாதம் நான் விடுப்பில் இருந்தேன். பழைய மாணவர்களும் அப்போது இல்லை. போனில் அவனிடம், "கட்டுரையில் எல்லாம் எழுதியிருக்கிறது, அதைப் பார்த்து ஆரம்பி" என்று சொல்லிவிட்டேன். அவன் அப்படியே ஆரம்பித்தான். நான் எழுதியதை ஒரு சொல் விடாமல் பின்பற்றினான். கட்டுரையில் தட்டச் சொல்லி எழுதவில்லையே. எனக்கே தெரியாததை நான் எப்படி எழுதுவேன்? ஆகவே அவன் தட்டவில்லை. அவனுடைய குழாய் மூன்று மணி நேரம் ஆனாலும் கலங்கவில்லை.

இதில் இன்னொன்றையும் பார். என் மற்ற மாணவர்கள் எல்லோருக்கும் நான் சொன்னபடியே வந்தது. ஏனென்றால் அவர்கள் என் பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்துப் பழகியவர்கள். நான் தட்டியதைப் பார்த்துத் தாங்களும் தட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. வெளிநாட்டில் இரண்டு பேர் எங்களுக்கு வரவில்லையே என்று எழுதிக் கேட்டார்கள். உங்கள் சரக்கு பழசாக இருக்கும் என்று பதில் எழுதினேன். நான் எழுதியதை நம்பி, எழுதியபடியே செய்தவர்களுக்கெல்லாம் வரவில்லை. அவர்களில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவன் முருகேசன் ஒருவன்தான்.

நான் விடுப்பு முடிந்து வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். தினமும் செய்ததைக் கோடு போட்டு, நேரம் குறித்து எழுதியிருந்தான். "டீச்சர், எனக்கு வேற மாதிரி வருது. ஒருவேள கால்சியம் காரணமில்லையோன்னு ஒரு சம்சயம்" என்றான். சம்சயம் என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் உனக்கு என்னைப் பற்றிச் சந்தேகமா என்று நினைத்தேன். பாத்திரம் கழுவுவது சரியில்லை, அளந்து ஊற்றுவது சரியில்லை என்று அவனை நாலு மாதம் அலைக்கழித்தேன். அவன் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தான். கடைசியாக ஒருநாள், "டீச்சர் ஒரு தடவ எம் பக்கத்துல நின்னு செய்யுங்க, நான் பாத்துக்கறேன்" என்று கேட்டான். நான் எனக்கு நேரமில்லை என்றேன். நேரமில்லை என்பது பொய். நான் இறங்கிவந்து அவன் பக்கத்தில் நின்று நிரூபிக்க வேண்டுமா என்ற வீம்பு. அந்த வாரமே அவனைக் கூப்பிட்டு, "உன் கை சரியில்ல முருகேசா, உனக்கு இந்த வேலை ஒத்துவராது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குத்தான் சாப்பாட்டு மேசையில் நீ கேட்டாய், "அந்த அண்ணன் ஏன் அழுதுட்டுப் போனாரு?" என்று. நீ என்னோடு ஆய்வகத்துக்கு வந்திருந்தாய், வராந்தாவில் அவனைப் பார்த்திருக்கிறாய். நான் உனக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டே, "அவன் கை சரியில்லப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு பிள்ளைக்குச் சொல்வதற்கு அது போதும் என்று நினைத்தேன்.

எனக்கு எது அதிகம் வலிக்கிறது என்று சொல்லட்டுமா? இப்படிப்பட்ட வழக்கை எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த புது ஆள் ஒருவன் எங்கள் குடோன் மிளகை அளந்துவிட்டு, நீங்கள் சொன்ன எடை இல்லை, ஏமாற்றுகிறீர்கள் என்று கத்தினான். முதலாளி பதிலுக்குக் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. அத்தா குரலை உயர்த்தவே இல்லை. "சேட்டா, கத்தினா எடை கூடுமா? இங்க வாங்க. நீங்க ஒரு தடவ அளங்க, நான் பாக்கறேன். பின்ன நான் அளக்கறேன், நீங்க பாருங்க" என்றார். இரண்டு பேரும் ஒரே மேசையில் நின்று அளந்தார்கள். அத்தா தட்டியதும் அவன், "நில்லு நில்லு, இது எந்தா தட்டுறது?" என்றான். அத்தா சிரித்துவிட்டார். "அட, நீங்க தட்டலையா!" என்றார். அதோடு சண்டை முடிந்தது. சாயா வரவழைத்துக் குடித்தார்கள். எழுத்துக்கூட்டி மட்டும் படிக்கத் தெரிந்த மனிதர் அரை மணி நேரத்தில் செய்ததை, அத்தனை படித்த நான் செய்ய மாட்டேன் என்றேன். முருகேசன் என்னிடம் கேட்டதும் அதைத்தானே? பக்கத்தில் நின்று செய்யுங்கள் என்றுதானே கேட்டான்?

அவனைத் தேடிப் பிடிக்க ஒரு வாரமாயிற்று. ஆலுவாவில் கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சின்ன லேப் வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. போனில் பேசிவிட்டுப் போகத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறிப் போனேன். மாடிப்படி ஏறும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நின்றேன். உள்ளே போனதும் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றான். தலை நரைத்திருக்கிறது. பழைய பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இரிக்கணும் டீச்சர், இரிக்கணும்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அலமாரி முழுக்கத் தண்ணீர் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் யார் வீட்டுக் கிணறு, எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று அதே கோடு போட்ட எழுத்து.

நான் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். டிவியைச் சொன்னேன், மிளகைச் சொன்னேன், தட்டியதும் தட்டாததுமாக இரண்டு குழாய் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். "நீ செஞ்சதுதான் சரி முருகேசா. உன் கை சரியாத்தான் இருந்தது. என் கைதான் சரியில்ல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அழவில்லை.

"எனக்கு அன்னைக்கே தோணுச்சு டீச்சர், நான் செய்றதுல தப்பில்லன்னு. பக்ஷே யார்ட்ட சொல்ல? அப்பாட்ட சொன்னேன். டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு."

"அப்பா இப்ப?"

"போயிட்டாரு. மூணு வருசமாச்சு."

மன்னித்துவிடு என்றேன். "சாரமில்ல டீச்சர்" என்றான். நம் ஊரில் யார் காலை யார் மிதித்தாலும் பரவாயில்லை என்பதற்குச் சொல்கிற சாரமில்லைதான் அது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அவனுக்கு இப்போது மனைவி இருக்கிறாள், ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், கௌரவமாக வாழ்கிறான். அதைச் சொல்லி நானே என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை.

இரண்டு மாதமாக இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். விருது விழாவுக்கு நீ டிக்கெட் எடுத்துவிட்டாய், முன்வரிசையில் உட்காரப் போகிறேன் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாய். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. கட்டுரை வெளியிட்ட இதழுக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். விருதுக் குழுவுக்கும் எழுதிவிட்டேன். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. கொடுப்பார்களோ, வேண்டாம் என்பார்களோ தெரியாது. பத்திரிகையில் நாலு விதமாக எழுதுவார்கள். உன் துறையிலேயே சிலர் உன் முகத்துக்கு நேராகச் சிரிக்கலாம். அதற்கு முன்கூட்டியே என்னைப் பொறுத்துக்கொள். டிக்கெட்டை ரத்து செய்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய், நான் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன்.

உன் அத்தாவிடம் லீனா விஷயத்தைச் சொன்னேன். "அவன் வேலை, அவன் ஆளு. நீ எதுக்கு நடுவுல போறே?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். உனக்குச் சொந்தமாக ஆய்வகம் கிடைத்தே ஒரு வருடம்தான் ஆகிறது, கட்டுரை போகவில்லை என்றால் உனக்கு என்ன நெருக்கடி வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்த நெருக்கடியில்தான் நானும் முருகேசனை அனுப்பினேன். லீனா சரி, நீ தவறு என்று நான் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? அவள் உண்மையிலேயே அஜாக்கிரதையான பெண்ணாக இருக்கலாம். ஆனால் நீ செய்தால் வருகிறது, அவள் செய்தால் வரவில்லை என்றால், உங்கள் இருவரில் யாரோ ஒருவர் எழுதாத ஒன்றைச் செய்கிறீர்கள். அது அவள்தான் என்று நீ எதை வைத்து முடிவு செய்தாய்? நீ பேராசிரியர், அவள் மாணவி என்பதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா? இதற்கு எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். உனக்கே சொல்லிக்கொள்.

திங்கட்கிழமை அவளை உன் அறைக்குக் கூப்பிடாதே. நீ அவள் மேசைக்குப் போ. நீ செய், அவள் பார்க்கட்டும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடு, இல்லையென்றால் பயந்துகொண்டு வாயைத் திறக்க மாட்டாள். பிறகு அவள் செய்யட்டும், நீ பார். உன் கையில் ஏதாவது இருந்தால் வெட்கப்படாதே, எனக்கு அது தெரிய அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. அவள் கையில் இருந்தால் அதை அவளே பார்த்துவிடுவாள். நீ ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்காது.

ஆலுவாவில் நடந்த ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நான் போனபோது முருகேசன் யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை அளந்துகொண்டிருந்தான். பேசி முடித்ததும், "டீச்சர் ஒரு நிமிசம், இத முடிச்சுட்டு சாயா வாங்கிட்டு வரேன்" என்று மறுபடி மேசைக்குப் போனான். அளந்து, எண்ணைக் குறித்தான். குழாயைக் கழுவிவிட்டு, அதே தண்ணீரை இன்னொரு முறை அளந்து குறித்தான். மறுபடி கழுவினான். என்ன செய்கிறாய், இரண்டும் ஒன்றாகத்தானே வந்திருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான். "எதுவானாலும் மூணு தடவ பாப்பேன் டீச்சர். ஒரு தடவ மதி, அது போதும்னு எனக்கே தெரியும். வீட்டுக்காரி கேலி பண்ணுவா. என்ன செய்ய, கை மேல ஒரு நம்பிக்க வரல" என்றான். உன் கை சரியாகத்தான் இருந்தது என்று நான் அழுது சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் கண் முன்னாலேயே மூன்றாவது தடவையும் அளந்தான். மூன்றும் ஒரே எண்தான்.

லீனாவுக்கு இருபத்து நாலு வயது என்று சொன்னாய். இன்னும் நாற்பது வருடம் அவள் அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

அம்மா